நிறப்பட்டையின் கடைசிப் புள்ளி: விளையாட்டுத் திரையில் யாருடைய உடலுக்கு இடமிருக்கிறது?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது பொம்மையார்பாளையம். கடலரிப்பு குறித்துச் செய்தி சேகரிக்க நாம் அங்குச் சென்றிருந்த ஒரு மாலையில், கரையேற்றி வைத்த படகின் நிழலில் கைப்பேசியோடு அமர்ந்திருந்த சிறுவர்கள் சிலரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர்களுள் பக்கத்துக் காலனியிலிருந்து வந்திருந்த சிறுவன் ஒருவன், புதிதாக இறக்கியிருந்த விளையாட்டொன்றில் தன் நாயகனை உருவாக்கிக்கொண்டிருந்தான். முகவெட்டு, மூக்கு, முடி, உடை என ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து வந்தவன் தோல் நிறத்தில் நின்றுவிட்டான். விரலால் நிறப்பட்டையை வலப்பக்கம் கடைசி வரைக்கும் தள்ளினான். திரையில் வந்த முகம் இளம்பழுப்பில் நின்றது. அதற்கு அப்பால் பட்டை நகரவில்லை.

“அண்ணா, கடைசி வரைக்கும் தள்ளிப் பாத்துட்டேன். நம்ம கலரு வரவே இல்ல” என்றான். பக்கத்திலிருந்தவன், “வெள்ளையாவே வெச்சுக்கடா, அதான் கெத்து” என்றான். சற்று நேரம் யோசித்துவிட்டு அவனும் அப்படியே வைத்துக்கொண்டு விளையாடத் தொடங்கினான்.

இதிலெல்லாம் அரசியல் என்ன இருக்கிறது, விளையாட்டுத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. வன்கொடுமைகளும் நிலப்பறிப்பும் கோயில் நுழைவு மறுப்பும் அன்றாடம் செய்தியாகும் மாவட்டத்தில் கைப்பேசிப் பொம்மையின் நிறம் ஒரு பிரச்சினையா என்ற கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், அந்தச் சிறுவன் பட்டையின் கடைசிப் புள்ளியில் சந்தித்த தடை தற்செயலானதன்று. யாரோ ஒருவர் எடுத்த முடிவு அது. அந்த முடிவு எப்படி உருவாகிறது, எவற்றின் மீது நிற்கிறது, அதை எப்படி மாற்றலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் முதலில் வருவது உருவாக்கத் திரை. ஆட்டக்காரர் தன் பாத்திரத்தின் பெயர், பால், நிறம், முடி, மேலாடை, அணிகலன், காலணி ஆகியவற்றை அங்குத் தேர்ந்தெடுக்கிறார். இந்தப் பட்டியலைத் தமிழக வரலாற்றோடு சேர்த்து வாசிக்கும்போதுதான் அதன் கனம் புரியும்.

1930ஆம் ஆண்டு டிசம்பரில், ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கம் செலுத்திய கள்ளர் சமூகத்தினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆடை உடுத்தக்கூடாது. சட்டை, பனியன், கோட்டு போடக்கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக்கூடாது. பூச்சூடவோ மஞ்சள் பூசவோ கூடாது. ஆண்கள் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. எட்டுத் தடைகளில் மண்பாத்திரம் பற்றிய ஒன்றைத் தவிர ஏனைய ஏழும் உடலின் தோற்றத்தைப் பற்றியவை. தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, உடைமைகள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளையிடப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாக உயர்ந்தன. பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதும் அவற்றுள் சேர்ந்தது.

இன்றைய விளையாட்டுத் திரையில் முடி, மேலாடை, நகை, செருப்பு என்று வரிசையாக வரும் பொத்தான்கள் ஒவ்வொன்றும், நம் பாட்டன் பாட்டிகளுக்கு அடித்தும் எரித்தும் மறுக்கப்பட்டவை. தன் தோற்றத்தைத் தானே தேர்ந்தெடுப்பது அழகு பற்றிய விஷயம் மட்டுமன்று. தன் உடல் தனக்குரியது என்று அறிவிப்பது. சாதி இதை நன்றாக அறிந்திருந்தது.

சலுகை கொடுப்பதுபோல் கொடுத்து எல்லை வகுக்கும் தந்திரத்தையும் சாதி அறிந்திருந்தது. திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக 1859இல் மன்னர் வெளியிட்ட பிரகடனம், சாணார் பெண்கள் மேலுடல் மறைக்க அனுமதி வழங்கியது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் மட்டும் அணியக்கூடாது என்றது. எப்படி வேண்டுமானாலும் உடுத்திக்கொள், எங்களைப் போல மட்டும் உடுத்தாதே என்பதே அதன் பொருள். ஏராளமான தெரிவுகளை அடுக்கிவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துவிடுவது பழைய வழக்கம்.

இந்த அரசியலை அறிந்திருந்ததால்தான் பாபாசாகேப் அம்பேத்கர், 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் புடவை கட்டும் முறையை மாற்றிக்கொள்ளவும், தீண்டாமையின் அடையாளமாகிவிட்ட நகைகளைக் கழற்றி எறியவும் கேட்டுக்கொண்டார். ஊருக்கு ஊர் நிற்கும் அவரது சிலைகள் கோட்டும் காலணியும் அணிந்திருப்பதன் பொருளும் அதுவே.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2012இல் தர்மபுரியில் நத்தம் காலனி எரிக்கப்பட்ட சூட்டோடு, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து பிற சாதிப் பெண்களை மயக்குவதாகப் பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் மருத்துவர் ராமதாஸ் பேசியது நாளிதழ்களில் பரவலாக வெளிவந்தது. 2023இல் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் நல்ல உடையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்ததற்காகத் தலித் இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டார். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம் ஒருவரின் உயிருக்கு விலையாகும் நாட்டில், தோற்றம் பற்றிய எந்தக் கேள்வியும் வெறும் விளையாட்டாக இருக்க முடியாது.

கருமை ஏன் சாம்பலாகிறது?

இனி, திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கறுப்பு நிறத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பளிக்கும் விளையாட்டுகளிலும், அப்படித் தேர்ந்தெடுத்த முகம் உயிரற்றுச் சாம்பல் பூத்ததுபோலத் தெரிவதாக ஆட்டக்காரர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். உருவாக்கத் திரையில் ஒரு நிறமாகத் தெரிந்த முகம், ஆட்டத்துக்குள் நுழைந்ததும் வேறொன்றாகிறது என்பதும், பின்னர் அதை மாற்ற வழியில்லாமல் மணிக்கணக்கில் ஆடியதை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்பதும் அடிக்கடி கேட்கும் குறைகள்.

இதற்கு முதற்காரணம் எளிமையானது. பல விளையாட்டுகளில் ஓவியர்கள் வெளிர்நிறத் தோலுக்கு ஒரு படத்தை நுணுக்கமாக வரைகிறார்கள். கன்னத்தில் சிவப்பு, மூக்கு நுனியில் இளஞ்சிவப்பு, கண்ணுக்கடியில் நீலச்சாயல் எல்லாம் அதில் இருக்கும். கறுப்பு நிறம் வேண்டுமென்றால் அதே படத்தின் மீது ஒரு கருஞ்சாயத்தை ஏற்றிவிடுகிறார்கள். உண்மையான கருந்தோலில் உள்ளங்கை வெளிறியிருக்கும், விரல் முட்டிகள் கூடுதலாகக் கறுத்திருக்கும், உதடு இருநிறமாயிருக்கும், நெற்றியில் வெயில் பளபளக்கும். சாயமேற்றிய படத்தில் இவை எவையும் இருப்பதில்லை. வெள்ளை முகத்தை இருட்டில் வைத்ததுபோலத்தான் அது தெரியும்.

இரண்டாவது காரணம் ஒளி. கணினி வரைகலையில் தோலைத் தத்ரூபமாகக் காட்டப் பயன்படும் முக்கிய உத்தி, ஒளி தோலுக்குள் புகுந்து சிதறி வெளிவருவதைக் கணக்கிடுவது. 2001இல் ஜென்சன், மார்ஷ்னர், லெவாய், ஹன்ராஹன் ஆகிய நால்வர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நடைமுறை வழி வகுத்தது. பின்னர் இவ்வுத்தி ஆஸ்கர் தொழில்நுட்ப விருதையும் பெற்றது. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியோடர் கிம் 2020இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒளி ஊடுருவி மிளிரும் இத்தன்மை வெளிறிய தோலுக்கே முதன்மையான பண்பு என்றும், அதையே மனிதத் தோலின் பொது இலக்கணமாகத் துறை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றும் சுட்டிக்காட்டினார். கருந்தோலில் முதன்மை பெறுவது மேற்பரப்பின் பளபளப்பு. முடியைப் பற்றிய ஆய்வுகளும் நேர்முடியையே மையமாகக் கொண்டிருந்தன என்பது அவரது மற்றொரு விமர்சனம். சுருள்முடி விளையாட்டுகளில் பெரும்பாலும் தொப்பி கவிழ்த்ததுபோல் காட்சியளிப்பது ஏன் என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது.

இது கணினிக்கு முன்பே தொடங்கிய கதை. கோடாக் நிறுவனம் வண்ணப் படச்சுருள்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் இருந்தது வெள்ளைப் பெண்ணின் படம். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர் பெற்ற அதற்கு ஏற்பவே உலகின் புகைப்படங்கள் கழுவப்பட்டன. பள்ளிக் குழுப்படங்களில் கறுத்த பிள்ளைகளுக்குக் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்தன. கறுப்பினத் தாய்மார்களின் குறை காதில் விழவில்லை. தங்கள் பண்டங்களின் பழுப்பு நிறம் சரியாகப் பதிவாகவில்லை என்று சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் முறையிட்ட பின்னரே படச்சுருளைத் திருத்தும் முயற்சிகள் வேகம் பெற்றன. தொழில்நுட்பத்துக்குச் சாதி, இனம் கிடையாது என்போர் இவ்வரலாற்றை நினைவில் வைக்க வேண்டும்.

அளவுகோலை வைத்திருப்பவர் யார்?

நிறப்பட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் ஒரு வகைப்பாட்டை உருவாக்கினார். புற ஊதாக் கதிர் சிகிச்சையில் எந்தத் தோலுக்கு எவ்வளவு கதிர் தாங்கும் என்று கணிப்பதே அதன் நோக்கம். முதலில் அதில் இருந்தவை வெள்ளைத் தோலின் நான்கு வகைகள் மட்டுமே. பழுப்புக்கும் கறுப்புக்குமான ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. உலக மக்களில் பெரும்பான்மையோர் கடைசி இரண்டு கட்டங்களுக்குள் அடைக்கப்பட்டனர். 2015இல் யூனிகோடு அமைப்பு எமோஜிகளுக்கு ஐந்து தோல் நிறங்களை அறிமுகப்படுத்தியபோது இந்த அளவுகோலையே அடிப்படையாகக் கொண்டது. 2022இல்தான் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் கூகுளோடு இணைந்து பத்து நிறங்கள் கொண்ட மாற்று அளவுகோலை வெளியிட்டார்.

ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் வந்த அதே 1975இல் நம் நாட்டில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ சந்தைக்கு வந்தது. கறுத்த முகம் படிப்படியாக வெளுப்பதைக் காட்டும் நிறப்பட்டையை அந்தப் பசையின் விளம்பரங்கள் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. கறுப்பு முனை என்பது விட்டு வெளியேற வேண்டிய இடம் என்பதை நம் பிள்ளைகள் அதில்தான் முதலில் பயின்றார்கள். சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம், 2014இல் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு வகுத்த விதிகள் ஆகியவற்றைக் கடந்து, 2020இல்தான் அந்தப் பசையின் பெயர் மாறியது. படகு நிழலில் ஒலித்த “வெள்ளைதான் கெத்து” என்ற சொல் விளையாட்டு நிறுவனம் கற்றுக்கொடுத்ததன்று. ஏற்கெனவே நம் வீட்டில் இருந்ததை அந்த நிறப்பட்டை உறுதிப்படுத்தியது.

மூக்கின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையைப் பார்க்கையில் மற்றொன்றும் நினைவுக்கு வராமல் போகாது. 1901 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலம் குறையக் குறையச் சமூக மதிப்பு கூடுவதாகக் கூறிச் சாதிகளை வரிசைப்படுத்தினார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அளவுகருவிகளோடு தென்னிந்தியர்களின் தலையையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தார். 1948இல் வெளிவந்த ‘தீண்டத்தகாதவர்கள்’ நூலில் அம்பேத்கர் மூக்களவுத் தரவுகளையே கையிலெடுத்து, தீண்டாமைக்கு இனவேறுபாடு அடிப்படை என்ற கருத்து நிற்காது என்று காட்டினார்.

அம்பேத்கரின் அந்த முடிவு இங்கே நமக்கு ஓர் எச்சரிக்கையாகவும் பயன்படுகிறது. கறுப்பு என்றால் தலித், சிவப்பு என்றால் உயர்சாதி என்ற சமன்பாடு பொய். எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் உண்டு. விளையாட்டில் கறுப்பு நிறம் வேண்டும் என்று நாம் கேட்பது, கறுப்பே நம் அடையாளம் என்பதற்காக அன்று. உழைக்கும் மக்களின் வெயில் படிந்த உடல் இழிவு என்னும் மதிப்பீட்டை நிறவெறியும் சாதியும் சேர்ந்தே கட்டியெழுப்பியுள்ளன என்பதற்காகவே. சேரி மனிதரைத் திரையில் காட்ட வெளுத்த நடிகருக்குக் கருஞ்சாயம் பூசும் சினிமா வழக்கத்தை நாம் விமர்சிப்பதும் இதே காரணத்தால்தான்.

பிறப்பால் வரும் புள்ளிகள்

தோற்றத்தோடு பிரச்சினை முடிவதில்லை. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளின் மூலவடிவமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. அதன் வழியில் வந்தவற்றில் ஆட்டக்காரர் முதலில் தன் ‘இனத்தை’த் தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதர், எல்ஃப், குள்ளர், ஓர்க் என இனங்கள் பல. ஒவ்வோர் இனத்துக்கும் பிறவியிலேயே சில புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். ஓர் இனத்துக்கு அறிவில், மற்றோர் இனத்துக்கு உடல் வலிமையில். 2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டிலும், தேர்ந்தெடுக்கும் இனத்தைப் பொறுத்தே தொடக்கத் திறன்கள் அமைகின்றன. ஆக, இங்கே தோற்றத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது திறனையும் தேர்ந்தெடுப்பதாகிறது. அறிவுள்ள இனம், முரட்டு இனம், பிறவியிலேயே தீய இனம் என்ற வகைப்பாடு விதிப்புத்தகத்தில் அச்சாகியிருந்தது.

பிறப்பால் குணமும் தொழிலும் அமையும் என்ற இவ்விதி வேறெங்கோ பிறந்ததாக இருக்கலாம். நமக்கு அது மிகப் பழைய அறிமுகம். சாதி வேலையை மட்டுமன்றி வேலை செய்பவர்களையே படிநிலையில் பிரிக்கிறது என்பதை ‘சாதி ஒழிப்பு’ நூலில் 1936இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். தேவர் நல்லவர், அசுரர் தீயவர் என்ற புராணச் சட்டகம் இந்திய விளையாட்டுகளிலும் தொடர்கிறது. புணேவில் உருவாகி 2020இல் வெளிவந்த ‘ராஜி’ கலைநயத்துக்காகப் பாராட்டப்பட்டது. அதன் கதையும் அசுரப்படையை அழிக்கும் கதைதான். அசுரர் என்று பெயர் சூட்டப்பட்டவர் யார் என்ற கேள்வியை இம்மண்ணில் எழுப்பிய அறிவு மரபு விளையாட்டு எழுத்தாளர்களைச் சென்றடையவில்லை.

ஆயினும் விதிகள் மாறின என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கறுப்பின உயிர்களுக்கான போராட்டம் வீறுகொண்டிருந்த 2020 ஜூனில், ஓர்க் முதலிய மாந்தர்களைப் பிறவித் தீயவர்களாகச் சித்திரித்ததைத் திருத்திக்கொள்வதாக ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த துணைநூல், பிறவிப் புள்ளிகளை ஆட்டக்காரர் விருப்பப்படி மாற்றிக்கொள்ள அனுமதித்தது. 2024இல் வெளிவந்த புதிய விதிப்புத்தகத்தில் ‘இனம்’ என்ற சொல்லே கைவிடப்பட்டது. கூடுதல் புள்ளிகள் பாத்திரத்தின் வாழ்க்கைப் பின்னணியிலிருந்து வருமாறு மாற்றப்பட்டன. ஐம்பது ஆண்டுகள் இயற்கை விதிபோல் கருதப்பட்ட ஒன்றை ஆட்டக்காரர்களின் கேள்விகள் அசைத்துவிட்டன.

விலைக்குக் கிடைக்கும் தோல்

இலவசமாகக் கிடைக்கும் கைப்பேசி விளையாட்டுகளில் மற்றொரு வேலி இருக்கிறது. அங்கே பாத்திரத்தின் உடைக்கும் ஆயுதத்தின் வண்ணத்துக்கும் ‘ஸ்கின்’ என்று பெயர். ஸ்கின் என்றால் தோல். இந்தத் தோல் விற்பனைக்கு இருக்கிறது. பணம் கட்டியவர் பொன்னாடையும் நெருப்புச் சிறகுமாகத் திரிவார். கட்டாதவர் தொடக்கத்தில் கொடுத்த சாதாரண உடையிலேயே நிற்பார். அப்படி நிற்பவரை ‘நூப்’ என்று இகழ்வது பிள்ளைகளிடையே சகஜம். மாறுவேடமிட்டு எல்லோரும் சமமாகும் களம் என்று எண்ணி நுழைகிற கூலித்தொழிலாளியின் பிள்ளையை, உடையை வைத்து எடைபோடும் பார்வை அங்கும் எதிர்கொள்கிறது. பெயர்ப்பெட்டியிலோ யார் வேண்டுமானாலும் தன் சாதிப் பட்டத்தை எழுதிக்கொள்ளலாம். நிறத்துக்கு எல்லை போட்ட மென்பொருள் சாதிப்பெருமைக்கு எல்லை போடவில்லை.

அரசின் கவனமோ வேறு திசையில் இருக்கிறது. 2023இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமும், 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமும் பணத்தை வைத்து ஆடுவதை மையமாகக் கொண்டவை. உயிர்ப்பலி வாங்கிய சூதாட்டத்தைத் தடுப்பது இன்றியமையாதது. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் விளையாட்டு பிள்ளைகளின் பணத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. தன்னைப் பற்றிய ஒரு கருத்தையும் கொடுக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. மெய்நிகர் உலகில் உயரமான உடல் அளிக்கப்பட்டவர்கள், குட்டையான உடல் அளிக்கப்பட்டவர்களைவிடப் பணப் பங்கீட்டுப் பேரத்தில் துணிவோடு நடந்துகொண்டனர். திரையில் நாம் அணியும் உடல் நம் நடத்தையை மாற்றுகிறது. நாயகனாவதற்குத் தன் நிறத்தைக் கழற்றி வைக்க வேண்டும் என்று ஒரு சிறுவன் நாள்தோறும் பழகினால் அது அவனுக்குள் எதை மாற்றும் என்று நாம் கவலைப்பட வேண்டாமா?

குறை சொன்னவர்கள் மாற்றிய திரை

முறையிட்டால் மாறுமா என்ற ஐயம் எழலாம். மாறியிருக்கிறது. ‘போக்கிமான்’ தொடரில் 2013 வரை ஆட்டக்காரர் தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவ்வாண்டு வெளிவந்த எக்ஸ், ஒய் பதிப்புகளில்தான் அவ்வசதி வந்தது. ‘அனிமல் கிராசிங்’ விளையாட்டின் முந்தைய பதிப்பொன்றில் பாத்திரம் கறுக்க வேண்டுமானால் அதை வெயிலில் நிறுத்தி வைக்க வேண்டும். 2020 பதிப்பில்தான் நிறம் தெரிவாக மாறியது. 2004இல் தொடங்கிய ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ பதினாறு ஆண்டுகள் கழித்து 2020 அக்டோபரில் மனிதப் பாத்திரங்களுக்குக் கறுப்பின, ஆசிய முகங்களையும் முடி வகைகளையும் சேர்த்தது. ‘தி சிம்ஸ் 4’ கருந்தோல்கள் சாம்பலாகத் தெரிகின்றன என்று ஆட்டக்காரர்கள் தொடர்ந்து எழுதியதன் பின் 2020 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய நிறங்களை வழங்கியது.

இதற்கு நேர்மாறான ஒரு பரிசோதனையும் நடந்தது. ‘ரஸ்ட்’ என்ற விளையாட்டு 2015இல் தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை யாருக்கும் தராமல், ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தைத் தானாகவே ஒதுக்கியது. அதை மாற்ற முடியாது. கறுப்பு உடல் ஒதுக்கப்பட்ட வெள்ளையர் சிலர் கொதித்தெழுந்தனர். வேறொருவருடைய உடலுக்குள் திணிக்கப்படுவது எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதை அவர்கள் முதன்முறையாக உணர்ந்தார்கள்.

நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. 2017 அக்டோபரில் குஜராத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தங்கள் வாட்ஸ்அப் முகப்புப் படத்தை முறுக்கிய மீசையும் மகுடமும் கொண்ட ‘மிஸ்டர் தலித்’ சின்னமாக மாற்றிக்கொண்டனர். கைப்பேசித் திரையில் ஒரு சிறு வட்டத்துக்குள் தெரியும் படம்தான். அந்த வட்டத்துக்குள் யார் எப்படித் தோன்றலாம் என்பதைத் தாங்களே தீர்மானிப்போம் என்று அவர்கள் அறிவித்தார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

ஆட்டக்காரர்களாக நாம் செய்யக்கூடியது, குறையைத் தெளிவாகவும் ஓயாமலும் சொல்வது. நிறங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் போதாது. கருந்தோலுக்கென்று தனியாக வரைந்த படம் வேண்டும். பகல், இரவு, தீப்பந்த வெளிச்சம் ஆகிய எல்லாவற்றிலும் முகம் எப்படித் தெரியும் என்று தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வசதி வேண்டும். பின்னர் மாற்றிக்கொள்ளும் வழி வேண்டும். திரை திறந்ததும் முதலில் நிற்கும் இயல்புநிலை உருவம் எப்போதும் வெளிர்நிறமாகவே இருக்கக்கூடாது. இவை எவையும் தொழில்நுட்பத்தால் முடியாதவை அல்ல.

ஆனால் முறையீட்டால் கிடைப்பது அடுத்தவர் வகுத்த பட்டியலில் கூடுதலாக ஓரிடம் மட்டுமே. பட்டியலை எழுதும் மேசையில் இடம் வேண்டும். டொராண்டோவில் தமிழர் உருவாக்கி 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ இதற்குச் சான்று. 1980களில் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை அது. அதில் தோற்றத்தை மாற்றும் பட்டை ஏதுமில்லை. ஆயினும் அதன் மாந்தர்களின் நிறமும் உடையும் இட்லிப்பானையும் நம்முடையவை என்று தமிழர்கள் அடையாளம் கண்டுகொண்டனர். 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும் அது வென்றது. தமிழரின் சமையலறை உலகத் திரைக்கு வர முடியுமென்றால், சேரியின் பறையாட்டமும் அடுப்பங்கரையும் ஏன் வர முடியாது?

2022 நிதிநிலை அறிக்கையில் அனிமேஷன், விளையாட்டு, காட்சி விளைவுத் துறைகளுக்கெனப் பணிக்குழு அமைப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது. 2024 செப்டம்பரில் அத்துறைக்கான தேசிய உயர்திறன் மையத்தை மும்பையில் அமைக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேலைவாய்ப்பும் முதலீடும் பாயவிருக்கும் இத்துறையில் பட்டியலின மாணவர்களுக்கு உறுதியான இடமும் உதவித்தொகையும் வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் அரசுப் பள்ளிக் கணினிக்கூடங்களிலும் விளையாட்டு வடிவமைப்பைக் கற்றுக்கொடுக்க வேண்டும். விளையாடும் பிள்ளையின் கைப்பேசியைப் பறிப்பதைவிட, அந்த விளையாட்டு எப்படி எழுதப்படுகிறது என்று அவனுக்குக் காட்டுவது பயனுள்ளது. அரசும் தலித் இயக்கங்களும் இதைக் கல்வி உரிமையின் ஒரு பகுதியாகக் கருத வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

பொம்மையார்பாளையத்தில் நாம் புறப்படும் வேளையில் அந்தச் சிறுவனிடம், “இந்தப் பட்டையை யார் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டோம். அவன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “யாராச்சும் ஆளுங்கதானே செஞ்சிருப்பாங்க?” என்றான். ஆமாம், ஆட்கள்தான் என்றோம். “அப்ப மாத்தலாம்தானே?” என்று கேட்டுவிட்டு மீண்டும் ஆட்டத்தில் மூழ்கினான்.